கோர்ட் படியேறும் முன்: வாசகர் கேள்வி – பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் நீதிபதிகளைப் பற்றியவை நிறைய. பலருக்கும் பயன்படும் எட்டுக் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

நிலப் பிரச்சினையில் நாலு வருஷமாக முன்சீப் கோர்ட்டில் அலைகிறேன். ஒரே ஒரு தடவை ஜட்ஜ் அய்யாவை அவருடைய ரூமில் பார்த்து உண்மையைச் சொல்லிவிட்டால் போதும் என்று தோன்றுகிறது. யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?
– விவசாயி, பாலக்கோடு

யாரிடமும் கேட்க வேண்டாம், போகவும் வேண்டாம். கோர்ட் மேடைக்குப் பின்னால் ஒரு கதவு இருக்கிறதே, அதற்கு அந்தப் பக்கம் இருக்கும் அறையைத்தான் சேம்பர் என்கிறோம். நீதிபதி காலையில் மேடைக்கு வரும் முன்பும், மாலையில் இறங்கிய பிறகும் அங்கேதான் வேலை ஓடும். ஸ்டெனோவுக்குத் தீர்ப்பைச் சொல்லி எழுத வைப்பது, அடித்து வந்த தாளைத் திருத்துவது, கையெழுத்துப் போடுவது, ஊழியர்களின் லீவு, சம்பளப் பட்டியல் பார்ப்பது எல்லாம் அங்கே நடக்கும். வழக்கில் ஒரு தரப்பு மட்டும் தனியாகப் போய்ப் பேசும் இடம் அது அல்ல. வக்கீல்கள் வழக்கு சம்பந்தமாக உள்ளே போக வேண்டியிருந்தாலும் இரு தரப்பும் சேர்ந்துதான் போக வேண்டும்.

நீங்கள் உள்ளே சொன்னது எதிர்த்தரப்புக்குத் தெரியாது. தெரியாததை அவரால் மறுக்க முடியாது. மறுக்க வாய்ப்பே தராத ஒன்றை வைத்து எழுதிய தீர்ப்பு அப்பீலில் நிற்காது. அது மட்டுமல்ல, நீங்கள் அந்த அறையிலிருந்து வெளியே வருவதை எதிர்த்தரப்பு பார்த்துவிட்டால், வழக்கை வேறு கோர்ட்டுக்கு மாற்றச் சொல்லி மாவட்ட நீதிபதியிடம் மனுப் போட ஒரு காரணம் கிடைத்துவிடும். அதிலேயே மாதங்கள் போய்விடும். நீதிபதி பெயருக்கு ரிஜிஸ்டர் தபாலில் கடிதம் எழுதுவதும் இதே கதைதான். கேஸ் கட்டில் முறைப்படி சேராத எதையும் நீதிபதி தீர்ப்புக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்.

உங்கள் உண்மையான சிக்கல் நாலு வருஷத் தாமதம். அது எங்கே மாட்டியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். எண் என்று 16 இலக்கத்தில் ஒன்று உண்டு. வக்கீலிடம் அதை வாங்கி இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் ஒவ்வொரு வாய்தாவிலும் என்ன நடந்தது என்று வரிசையாக வரும். பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். எதிர்த்தரப்பில் யாருக்கோ சம்மன் சார்வு ஆகாமல், அதாவது கையில் சேராமல் இருக்கும். சம்மன் அனுப்பும் கட்டணமான பேட்டாவைக் கட்டாமல் விட்டிருப்பார்கள், அல்லது விலாசம் தப்பாக இருக்கும். இல்லையென்றால் வழக்கில் ஒருவர் இறந்து போய், வாரிசுகளைச் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். இது ஆபத்தானது. இறந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனுப் போடாவிட்டால் இறந்தவரைப் பொறுத்த அளவுக்கு வழக்கு அற்றுப்போகும். பிறகு அதை ரத்து செய்யத் தனி மனு, தாமதத்தை மன்னிக்கத் தனி மனு என்று நீளும்.

நேரடியாக மனம் விட்டுப் பேச வேண்டும் என்றால் அதற்கும் முறையான இடம் உண்டு. வழக்கை சமரச மையத்துக்கு அனுப்பச் சொல்லி உங்கள் வக்கீல் கேட்கலாம். அங்கே சமரசர் உங்களைத் தனியாக உட்கார வைத்துக் கேட்பார். பேசியது வெளியே போகாது. இன்னொரு வழி மக்கள் நீதிமன்றம் (லோக் அதாலத்). அங்கே பேசி முடிந்தால் கட்டிய கோர்ட் ஃபீஸும் திரும்ப வரும். ஆனால் அந்த முடிவின் மேல் அப்பீல் கிடையாது. எனவே கையெழுத்துக்கு முன் சர்வே எண்ணையும் அளவையும் இரண்டு முறை படியுங்கள்.

எனக்கு வந்த சம்மனில் ‘மாவட்ட உரிமையியல் மற்றும் நீதித்துறை நடுவர்’ என்று இருக்கிறது. ஒருவரா, இருவரா? ஆர்.டி.ஓ.வும் மாஜிஸ்திரேட் என்கிறார்களே?
– வாசகர், அரூர்

ஒருவர்தான், வேலை இரண்டு. மாவட்ட உரிமையியல் நீதிபதி என்பதுதான் பழைய பேச்சில் முன்சீப்: சொத்து, பாகப்பிரிவினை, கடன் போன்ற சிவில் வழக்குகள். நீதித்துறை நடுவர் என்பது மாஜிஸ்திரேட்: அடிதடி, திருட்டு, செக் மோசடி போன்றவை. சின்ன தாலுகாக்களில் இரண்டையும் ஒரே நீதிபதி ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். வரப்புத் தகராறில் நீங்கள் போட்ட சிவில் வழக்கும், அதே வரப்பில் நடந்த கைகலப்புக்குப் போலீஸ் போட்ட வழக்கும் அவரிடமே இருக்கலாம். ஆனால் ஒன்றில் வந்த சாட்சியம் தானாக மற்றதில் சேராது. “அந்தக் கேஸிலேயே சொல்லிட்டேனே” என்று விட்டுவிடாதீர்கள்.

சம்மனில் ஓ.எஸ். என்று இருக்கிறதா, சி.சி. என்று இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஓ.எஸ். என்றால் சிவில். போகாவிட்டால் நீங்கள் இல்லாமலே ஒருதலையாக எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகும். அதை ரத்து செய்ய 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். சி.சி. என்றால் கிரிமினல். போகாவிட்டால் வாரண்ட் வரும்.

மேலே போகப் போகவும் இதே இரட்டை வேலைதான். மாவட்டத் தலைநகரில் இருப்பவர் சிவிலில் மாவட்ட நீதிபதி, கிரிமினலில் அமர்வு நீதிபதி. தொப்பூர் கணவாயில் லாரி மோதி இழப்பீடு கேட்டால், அந்த வழக்கை விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்ற பெயரில் விசாரிப்பவரும் இந்த வரிசையில் உள்ள ஒரு நீதிபதிதான். தண்டனை அதிகாரத்தில் படி உண்டு. முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் 3 ஆண்டு வரை, தலைமை நீதித்துறை நடுவர் 7 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். அமர்வு நீதிபதி தூக்கு வரை விதிக்கலாம், ஆனால் தூக்கை உயர் நீதிமன்றம் உறுதி செய்தாக வேண்டும்.

ஆர்.டி.ஓ., தாசில்தார் ஆகியோர் செயல்துறை நடுவர்கள். வருவாய்த்துறை அதிகாரிகள், நீதித்துறைக்காரர்கள் அல்ல. ஊரில் சண்டை வராமல் இருக்க ஓராண்டு வரைக்கும் நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்குவது, நிலத்தில் கலவரம் வரும் நிலை இருந்தால் யார் அனுபவத்தில் இருக்கிறார் (நிலம் இப்போது யார் கைவசம்) என்று பார்த்து உத்தரவு போடுவது வரைதான் அவர்கள் எல்லை. நிலம் யாருக்குச் சொந்தம் என்பதை அவர்கள் தீர்க்க முடியாது. ஆர்.டி.ஓ. உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு ‘ஜெயித்துவிட்டேன்’ என்று சிவில் கோர்ட்டுக்குப் போகாமல் இருந்து ஏமாந்தவர்கள் நம் பக்கத்தில் உண்டு.

எங்கள் மாந்தோப்பில் பக்கத்துக்காரர் வேலியை உள்ளே தள்ளிப் போட்டிருக்கிறார். நீதிபதி ஒருமுறை நேரில் வந்து பார்த்தால் தெரிந்துவிடும். வருவாரா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

சட்டத்தில் இடம் இருக்கிறது. சிவிலிலும் கிரிமினலிலும் நீதிபதி இடத்தை நேரில் பார்க்கலாம். நம் மண்ணிலேயே எடுத்துக்காட்டு உண்டு. அரூர் வட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூனில் மலைவாழ் மக்கள் மேல் அரசு ஊழியர்கள் நடத்திய கொடுமைக்கு, 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் 215 பேரைக் குற்றவாளிகள் என்றது. அவர்களின் அப்பீலை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே வந்து பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்தார். ஆனால் அப்படி வரும் நீதிபதி சாட்சி ஆகிவிட மாட்டார். இரு தரப்புக்கும் முன்கூட்டியே தெரிவித்துவிட்டு வர வேண்டும். பார்த்ததைக் குறிப்பாக எழுதிக் கட்டில் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே வந்த சாட்சியத்தைப் புரிந்துகொள்ளத்தான் அந்தப் பார்வை.

வேலித் தகராறுக்கு நீதிபதி வருவது அபூர்வம். அவருக்குக் கண்ணாக ஒரு வக்கீலை அட்வகேட் கமிஷனராக அனுப்புவார். அதற்கு ஓ.எஸ். வழக்கிலேயே ஐ.ஏ. என்ற இடைமனுப் போட வேண்டும். மனுவில் மூன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: தாலுகா சர்வேயர் உதவியோடு அளக்க வேண்டும், புல வரைபடத்தின்படி எல்லையைக் காட்ட வேண்டும், இப்போது தரையில் உள்ளதை வரைபடத்தோடு பதிவு செய்ய வேண்டும். யார் அனுபவத்தில் இருக்கிறார் என்று கண்டுபிடித்துச் சொல்லச் சொல்லிக் கேட்காதீர்கள். அனுபவத்தைச் சாட்சி வைத்து நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அதற்குக் கமிஷனரை அனுப்ப முடியாது என்று மனுவே தள்ளுபடி ஆகும்.

கமிஷனர் ஃபீஸைக் கோர்ட் நிர்ணயிக்கும், மனுப் போட்டவர் கட்ட வேண்டும். சர்வே கட்டணம் தனி. வரும் நாளைக்கு இரு தரப்புக்கும் நோட்டீஸ் வரும். அன்று உங்கள் வக்கீல் மூலம் எழுத்தில் ஒரு மெமோ கொடுங்கள்: வேலிக்கு இந்தப் பக்கம் உள்ள மாமரங்களின் எண்ணிக்கை, ஏறக்குறைய வயது, கிணறு, மோட்டார் ரூம், சொட்டு நீர்க் குழாய் எங்கிருந்து எங்கே போகிறது, பிடுங்கிய பழைய வேலிக் குழிகள். வாயால் சொன்னால் அறிக்கையில் விட்டுப்போகும். மெமோ கொடுத்தால் அதைப் பார்த்து எழுதியாக வேண்டும்.

தப்பு நடப்பது பெரும்பாலும் அளக்கத் தொடங்கும் இடத்தில். இடம் மாறிப்போன ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு சங்கிலி போட்டால் கடைசி வரை எல்லாம் தள்ளிப்போகும். அசையாத சர்வே கல், அல்லது பக்கத்துப் புல எண்களின் முச்சந்திக் கல் எது என்று கேட்டு, அதிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். பழைய வரைபடங்களில் அளவு லிங்க்ஸில் இருக்கும். 100 லிங்க்ஸ் 66 அடி. அதை மீட்டர் என்று படித்தால் எல்லையே எங்கோ போய்விடும். இன்னொன்று: கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல், அதற்கு முன் தருமபுரி, 1965-க்கு முன் சேலம். எனவே தாத்தா காலத்துப் பத்திரத்தில் ‘சேலம் ஜில்லா’ என்று இருந்தால் பயப்பட வேண்டாம். பழைய சர்வே எண்ணுக்கும் இன்றைய உட்பிரிவு எண்ணுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் பதிவேட்டு நகலைத் தாலுகா ஆபீஸில் வாங்கி முன்கூட்டியே வக்கீலிடம் கொடுத்துவிடுங்கள்.

அறிக்கை தப்பாக வந்தால் உடனே ஆட்சேபணை போடுங்கள். கமிஷனரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யவும் கேட்கலாம். முதல் அறிக்கையை ஒதுக்கி வைக்காமல் இரண்டாவது கமிஷனரைப் போட மாட்டார்கள்.

என் அம்மாவுக்குத் தெலுங்குதான் சரளமாக வரும். சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். தமிழில்தான் பேச வேண்டுமா?
– வாசகர், தேன்கனிக்கோட்டை

வேண்டியதில்லை. தெலுங்கிலோ கன்னடத்திலோ சொல்லலாம். மொழிபெயர்ப்பவர் சத்தியம் செய்துகொண்டு சொல்ல, சாட்சியம் கோர்ட் மொழியில் பதிவாகும். அரைகுறைத் தமிழில் சமாளிப்பதைவிட இது நூறு மடங்கு நல்லது. கூண்டில் ஏறுவதற்கு முன்பே வக்கீல் மூலம் நீதிபதியிடம் சொல்லிவிடுங்கள்.

சிவில் வழக்கில் சிக்கல் அதற்கும் முன்பே தொடங்கிவிடும். முதல் விசாரணை இப்போது பிரமாண வாக்குமூலமாக, தட்டச்சு செய்த தாளில் வருகிறது. தமிழில் அடித்த அந்தத் தாளில் உங்கள் அம்மா ரேகை வைத்துவிட்டு, குறுக்கு விசாரணையில் “அதில என்ன இருக்குன்னு தெரியாது” என்றால் அவ்வளவுதான், வழக்கு சாய்ந்துவிடும். தெலுங்கில் வரி வரியாகச் சொல்லிக் காட்டிய பிறகே ரேகை வைக்க வேண்டும். அப்படி விளக்கப்பட்டது என்ற குறிப்பும் அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

குறுக்கு விசாரணை எப்படிப் பதிவாகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வக்கீலின் கேள்வியும் சாட்சியின் பதிலும் ஒரே வாக்கியமாகச் சேர்ந்துவிடும். “நிலத்தில் நான் பயிர் செய்யவே இல்லை என்றால் சரியல்ல” என்று இருக்கும். பயிர் செய்ததாக அம்மா சொன்னது அதற்குள்ளேதான் இருக்கிறது. ‘என்றால் சரிதான்’ என்பதற்கும் ‘என்றால் சரியல்ல’ என்பதற்கும் இடையே ஓர் எழுத்துப் பிசகினால் பொருள் தலைகீழ். அதேபோல ‘தெரியாது’ வேறு, ‘ஞாபகமில்லை’ வேறு. அந்தச் சம்பவம் நடக்கும்போது அங்கே இருந்தவர் “தெரியாது” என்று சொன்னால், அவர் அங்கே இல்லவே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும். மறந்திருந்தால் ‘ஞாபகமில்லை’ என்றே சொல்ல வேண்டும்.

பதிவானதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கும் உரிமை சாட்சிக்கு உண்டு. அம்மாவுக்கு அதையும் தெலுங்கில் சொல்ல வேண்டும். தப்பிருந்தால் அங்கேயே, கையெழுத்துக்கு முன்பே சொல்லித் திருத்த வேண்டும். வீட்டுக்கு வந்து நகல் வாங்கிப் பார்த்துவிட்டு வருத்தப்பட்டுப் பயனில்லை.

நீதிபதியை எப்படி அழைக்க வேண்டும்?
– கல்லூரி மாணவி, பென்னாகரம்

‘அய்யா’, ‘அம்மா’ போதும். கீழமை நீதிமன்றங்களில் ‘சார்’ என்றோ அதற்கு இணையான வட்டார மொழிச் சொல்லிலோ அழைக்கலாம் என்று 2006-லேயே பார் கவுன்சில் விதி வந்துவிட்டது. மனுக்களில் ‘கனம் கோர்ட்டார் அவர்கள்’ என்று எழுதும் பழக்கம் இன்னும் இருக்கிறது, அழகான பழக்கம்தான்.

விவாகரத்து வழக்கில் ‘இன் கேமரா’ விசாரணை என்றார்கள். வீடியோ எடுப்பார்களா? என் ஏழு வயதுப் பெண்ணிடம் நீதிபதி தனியாகப் பேசுவாராம், பயமாக இருக்கிறது.
– தாய், ஒசூர்

படமே எடுக்க மாட்டார்கள். லத்தீனில் கேமரா என்றால் அறை. வெளியாட்கள் இல்லாமல், அறைக்குள் நடக்கும் விசாரணை என்று பொருள். பாலியல் வன்கொடுமை வழக்குகள், போக்சோ வழக்குகள், மண வழக்குகள் இப்படி நடக்கும்.

குழந்தையிடம் பேசுவதுதான் சேம்பரின் மிக முக்கியமான பயன் என்பது எங்கள் கருத்து. கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவே கூண்டில் ஏற்றிக் கேட்டால் எந்தக் குழந்தை வாய் திறக்கும்? நீங்களும் உங்கள் கணவரும் வராந்தாவில் இருக்க, நீதிபதி பள்ளிக்கூடம், தோழிகள், ராத்திரி யாரிடம் தூங்குகிறாள் என்று பேச்சுக் கொடுப்பார். இது சத்தியம் வாங்கிய சாட்சியம் அல்ல. விவரம் தெரிந்த வயதென்றால் குழந்தையின் விருப்பத்தைக் கணக்கில் எடுக்கலாம், ஆனால் அதுவே முடிவு அல்ல. குழந்தையின் நலன்தான் அளவுகோல்.

சொல்லிக் கொடுத்து அனுப்பாதீர்கள். ஏழு வயதுக் குழந்தை “அப்பா மன உளைச்சல் கொடுக்கிறார்” என்று சொன்னால், அது மனுவில் இருக்கும் வார்த்தை என்று நீதிபதிக்கு உடனே தெரிந்துவிடும், பாதிப்பு உங்களுக்குத்தான். “ஒருத்தர் உங்கிட்ட பேசுவாங்க, உனக்குத் தோணறதச் சொல்லு” என்று மட்டும் சொல்லுங்கள். சாப்பிட வைத்து, பிடித்த பொம்மையோடு கூட்டிப் போங்கள். சொந்தக்காரர் கூட்டம் வேண்டாம்.

வாதம் முடிந்து தீர்ப்புக்கு வைத்திருந்த நேரத்தில் நீதிபதி மாற்றலாகிவிட்டார். எல்லாம் முதலிலிருந்தா?
– வாசகர், கிருஷ்ணகிரி

சாட்சியம் வீண்போகாது. புதிய நீதிபதி அது நின்ற இடத்திலிருந்து தொடரலாம். வாதத்தைத்தான் மறுபடி கேட்க வேண்டும்; கேட்காதவர் தீர்ப்பு எழுதக் கூடாது. எழுத்து மூலமான வாதத்தை ஏற்கெனவே தாக்கல் செய்திருந்தால் இந்தச் சுற்று வேகமாக முடியும். சிவிலில் பழைய நீதிபதி தீர்ப்பை எழுதி வைத்துவிட்டு, வாசிக்காமல் போயிருந்தால், அதைப் புதியவர் வாசிக்கலாம்.

செக் வழக்கு போன்றவற்றைச் சுருக்கமுறையில் விசாரித்திருந்தால் மட்டும் நிலைமை வேறு. அதில் சாட்சியத்தின் சாரம்தான் பதிவாகியிருக்கும் என்பதால் புதியவர் முதலிலிருந்து விசாரிக்க வேண்டும். வழக்கு எந்த முறையில் நடந்தது என்று உங்கள் வக்கீலிடம் இன்றே கேளுங்கள்.

நீதிபதி லீவில் இருந்தால் பொறுப்பு நீதிபதி பெரும்பாலும் வாய்தா போடுவார், அவசர மனுக்களைப் பார்ப்பார். மே மாதம் சிவில் கோர்ட்டுகளுக்கு விடுமுறை, மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளுக்குக் கிடையாது.

தம்பியை ராத்திரி கைது செய்து, மாஜிஸ்திரேட் வீட்டுக்குக் கொண்டு போனார்கள். வீட்டில் வைத்து ரிமாண்ட் செய்யலாமா?
– வாசகி, ஊத்தங்கரை

செய்யலாம். ரிமாண்ட் என்றால் காவலில் வைக்க உத்தரவிடுவது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும் என்பதால் ராத்திரியிலும் விடுமுறையிலும் வீட்டில் நடக்கும். அந்த நேரத்தில் அந்த வீட்டு முன்னறையும் கோர்ட்தான். உங்கள் வக்கீல் அங்கே வரலாம். அடித்தார்களா, கைதுக்கான காரணத்தைச் சொன்னார்களா, குடும்பத்துக்குத் தகவல் கொடுத்தார்களா என்று மாஜிஸ்திரேட் கேட்பார். பக்கத்தில் போலீஸ் நிற்கிறது என்று பயந்து “இல்லை” என்று சொல்லிவிட்டால் அதுதான் பதிவாகும். பிறகு மாற்றுவது கடினம். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேளுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

ஒரு தடவை 15 நாளுக்கு மேல் ரிமாண்ட் செய்ய முடியாது, நீட்டிக்கலாம். குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும், ஆனால் கேட்டு மனுப் போட வேண்டும். குற்றப்பத்திரிகை வந்துவிட்ட பிறகு போட்டால் அந்த உரிமை போய்விடும். எனவே ரிமாண்ட் ஆன தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். தம்பி தினமும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் மருந்துச் சீட்டின் நகலை வக்கீலிடம் கொடுத்து அனுப்புங்கள். ரிமாண்டுக்கு முன் அரசு மருத்துவமனையில் நடக்கும் பரிசோதனையில், உடம்பில் உள்ள ஒவ்வொரு காயத்தையும் டாக்டரிடம் காட்டி எழுதச் சொல்ல வேண்டும்.